கழிவுக்கும் கணக்கு உண்டு

பணத்திற்குக் கணக்கு வைக்கிறோம். கழிவுக்கும் வேண்டுமா என வினவுவீர்கள். வேண்டும் என்பேன். 2001-ஆம் ஆண்டில் கொடைக்கானலில், வெப்பமானித் தொழிற்சாலையொன்றின் பாதரசக் கண்ணாடித் துண்டுகள் பழைய சாமான் கிடங்கில் காணப்பட்டன. எவ்வளவு பாதரசம் வெளியேறிற்று என்பதே பின்னர்ப் பெருஞ்சர்ச்சையாயிற்று.

நம் புதுவையின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளுக்கும் பொருந்தும் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலையில் அபாயக் கழிவின் வகை, அளவு, செல்லுமிடம் ஆகியவற்றை நாளிட்டு எழுதவேண்டும். பொதுவாக 90 நாட்களுக்கு மேல் தேக்கலாகாது. வெளியே அனுப்புங்கால் 7 படிகளுள்ள சீட்டு உடன்செல்லும். அனுப்புவோர், ஏற்றிச்செல்வோர், பெறுவோர் மூவரும் ஒப்பமிடுவர். பெற்றவர் நீலநிறப் படியை அனுப்பியவருக்கே திருப்புவார். அது வாராவிடின், கழிவு எங்கே நின்றதென உடனே தேடலாம்.

ஏட்டில் ஏறாத நஞ்சு ஊர்க் கிணற்றில் இறங்கும். இதனை நினைவிற் கொள்ளுங்கள்.