விதை இல்லாத புல்

கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் ஒரு பசுவை நம்பி வாழும் குடும்பங்கள் பல. கொழுந்து நிறுத்து முடிந்ததும் ரோட்டோரத்தில் புல் அறுக்கச் செல்லும் பெண்களை நாம் காண்கிறோம். அவர்களில் ஒருவர் எம்மிடம் கேட்டார்: “சாமி, இந்த சீ.ஓ. 3 புல்லுக்கு வெத எங்க கெடைக்கும்?”

விதை கிடைக்காது. ஏன் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இப்புல், கம்புக்கும் நேப்பியர் புல்லுக்கும் பிறந்த கலப்பினமாகும். கம்பில் 14 நிறமூர்த்தங்கள், நேப்பியரில் 28. இவற்றில் பாதி பாதியாக, 7உம் 14உம் சேர்ந்து பிள்ளைக்கு 21 வருகின்றன. இவை ஒழுங்காகச் சோடி சேர முடியாததால், புல் பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோவேறு கழுதையின் நிலையே இதற்கும். ஆகவே தண்டை வெட்டி நடுகிறோம்.

கலப்பினத் தீவனச் சோளத்தின் கதை வேறு. அங்கே மலடாக இருப்பது பிள்ளையல்ல, தாய். வளமான மகரந்தம் தராத தாய்ச் செடிகளின் வரிசைகளுக்குப் பக்கத்தில் தந்தைச் செடிகளை நடுவார்கள். தாய் தன்னைத் தானே கருக்கட்ட முடியாது. எனவே அதில் விளைவது கலப்பின விதையே. ஆனால் அந்தப் பயிரின் விதையை மீண்டும் விதைத்தால் ஒரே சீராக வளராது. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்தே வாங்கவேண்டும்.

சீ.ஓ. 3க்கு அந்தச் செலவில்லை. பக்கத்து வீட்டார் தரும் ஒரு கட்டுத் தண்டு போதும். இரண்டு, மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி நட்டால், சுமார் 75 நாளில் முதல் அறுப்பு. பின்னர் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு முறை. சாணத்தை மறக்காமல் இட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. தண்டால் பெருகும் புல் எல்லாம் ஒரே செடியின் பிரதிகளே. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கலாம். கென்யாவிலும் உகாண்டாவிலும் நேப்பியர் புல்லைக் குட்டையாக்கும் நோய், நோயுற்ற தண்டுகள் வழியாகவும் பரவியது. ஆகவே நல்ல தூரிலிருந்தே தண்டு எடுப்போம். பழைய கினிப்புல்லையும் கைவிடாதிருப்போம்.

தண்டு இலவசம்; நடுவதற்கு நிலம்? லயத்து வாசல்கூடத் தோட்டத்துக்குரியது. தேயிலை இல்லாமல் கிடக்கும் மூலைகளைத் தரும்படி தனித்தனியாகக் கேட்டால் பதில் வராது. பால் தரும் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்கட்டும்.