ஊர்தி அலைவாங்கி (அமெச்சூர் வானொலி)

ஊர்தி அலைவாங்கி என்பது பிக்கப் வண்டி போன்ற ஊர்திகளில் பொருத்தி, அமெச்சூர் வானொலித் தொடர்புக்குப் பயன்படுத்தப்படும் அலைவாங்கி ஆகும். பெயர் 'வாங்கி' எனினும் அலைகளை அனுப்புவதும் இதுவே. வண்டியின் உலோக உடல் இதன் மறுபாதியாகச் செயற்படுவதால் ஓட்டுநர் அறைக் கூரையின் நடுப்பகுதியே சிறந்த இடம். 144–146 மெகா ஏர்ட்சு அலைவரிசைக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள கால் அலைநீளத் தண்டு போதும். 7 மெகா ஏர்ட்சுக்கோ 10 மீட்டருக்கு மேல் தேவை. கம்பிச்சுருள் சேர்த்து நீளத்தைக் குறைக்கலாம், ஆனால் திறனும் குறையும். அத்தண்டின் தாங்கியைச் சரக்குத் தட்டின் ஓரத்தில், வண்ணப்பூச்சைச் சுரண்டி, உலோகத்துடன் நேரடியாக இணைத்தல் வேண்டும்.

ஸ்ரீமுஷ்ணம் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்தது. இத்தகைய வேளைகளில் வண்டியின் 12 வோல்ட்டு மின்கலமே வானொலியை இயக்கப் போதுமானது. எனினும் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளில் உயர்ந்த தண்டு உரசினால் உயிராபத்து நேரும். புறப்படுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும்.