வளவின் மண்ணறிந்து வீடும் தோட்டமும் அமைத்தல்

வன்னியில் 2009ஆம் ஆண்டின் பின் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பல, வீடு, கிணறு, மலசலகூடம், தோட்டம் யாவற்றையும் ஒரே வளவில் அமைத்துள்ளன. புதிதாக இவற்றை அமைப்போர் முதலில் வளவின் மண்ணை அறிதல் வேண்டும்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மேட்டுநிலங்களிற் பெரும்பாலும் செங்கபில மண் உண்டு. இது கோடையில் அலவாங்கு இறங்காதபடி இறுகும், மாரியில் ஒட்டும். தாழ்நிலங்களில் நீர் வடியாத சாம்பல்நிற மண் காணப்படும்.

கோடையில் வளவின் மேட்டிலும் பள்ளத்திலும் 5 அடி ஆழக் குழி தோண்டிப் பார்க்கவும். செந்நிறம் அடிவரை சீராயிருப்பின் அங்கு நீர் நெடுநாள் தேங்குவதில்லை. சாம்பல்நிறத்திடையே துருநிறப் புள்ளிகள் தோன்றின், மாரியில் நிலத்தடி நீர் அம்மட்டம்வரை ஏறும். குழி உலர்ந்திருத்தல் கண்டு ஏமாறற்க.

மலக்குழியின் அடி அம்மட்டத்துக்கு மேலே நிற்றல் வேண்டும். இன்றேல் அழுக்குநீர் கிணற்றிற் கலந்து, வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் பரவும். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, சரிவின் கீழ்ப்புறத்தே குழியை அமைக்கவும். மணல்நிலத்தில் இன்னும் தள்ளி அமைத்தல் நன்று.

களிமண் நனைந்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும்; அதனாற் சுவர் வெடிக்கும். ஆதலால் அத்திவாரத்தை உறுதியான கிறவற் படைவரை இறக்கவும். கூரைநீர் அதனருகே தேங்கலாகாது.

தோட்டமண்ணைக் கையிற் பிடித்தால் உருண்டையாகி, விரல்பட உதிரும் பதத்திலே கொத்தவும். கூட்டெருவும் குழையும் இட்டு, வைக்கோலால் மூடவும். பள்ளப்பகுதியில் உயர்பாத்திகளிலேயே மரக்கறி நடவும்.

ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குழி வெட்டுமுன் கலந்தாலோசிப்பாராக.