கருகிய மைக்கா தகடு
மைக்ரோவேவ் அடுப்பின் உட்சுவர்ச் சாளரம். 21ஆம் நூற்றாண்டு

மேக்னட்ரான் குழலில் பிறக்கும் 2,450 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலைகள் இந்தத் தகட்டைக் கடந்தே உணவை அடைகின்றன. நீராவியும் கொழுப்பும் மறுபக்கம் போகாமல் தகடு தடுக்கிறது. மைக்கா, அதாவது காக்காப்பொன், மின்சாரத்தைக் கடத்தாது. நுண்ணலையையும் ஏறக்குறைய விழுங்காது.

கரும்புள்ளியைப் பாருங்கள். இராஜபாளையத்து வீட்டு அடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைச் சூடாக்கினால் கொழுப்பும் சர்க்கரையும் தெறிக்கும். தகட்டில் ஒட்டிய துளி கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் மின்புலம் அங்கே குவியும். சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட்டைத் தாண்டினால் காற்று தாங்காது, பொறி பறக்கும். இதுவே மின்முறிவு.

உயர்திறன் நுண்ணலைக் கருவிகளிலும் இப்படியொரு சாளரம் உண்டு. சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் மேல் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் வானிலை ரேடாரின் துடிப்புத் திறன் பல நூறு கிலோவாட். இத்தகைய திறனைத் தரும் நுண்ணலைக் குழல்களின் வெற்றிடத்தைக் காப்பது பெரும்பாலும் அலுமினா பீங்கான் சாளரம். வெற்றிடப் பக்கத்தில் எலக்ட்ரான்கள் பீங்கானில் மோதி மேலும் எலக்ட்ரான்களைக் கிளப்பும். பெருக்கம் கட்டுமீறினால் பீங்கான் சூடேறி விரிசல் விடும், குழலே வீணாகும். அதைக் குறைக்க டைட்டானியம் நைட்ரைடு மெல்லிதாகப் பூசப்படுகிறது.

வீட்டு அடுப்பில் பொறி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். கருகிய தகட்டை மாற்றுங்கள். வெளிக்கூட்டை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கி ஷாக் அடிக்கலாம்.