சயாம் ரயில் பாதையில் மாண்டவர்கள்

சேலத்துச் சமவெளி, மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய பகுதிகளில் ஒன்று. ஆள்சேர்க்கும் கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து முன்பணம் கொடுப்பார். உறவுமுறை சொல்லி, குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போவார். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பை நிறுத்துவதற்குள் பலர் அங்கேயே வேரூன்றிவிட்டார்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஊருக்கு வந்துகொண்டிருந்த கடிதமும் மணியார்டரும் நின்றன. அதே ஆண்டு, சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் 415 கி.மீ. ரயில் பாதை வேலை தொடங்கியது. நல்ல கூலி என்று ஆசை காட்டியும், ஆள் போதாதபோது பலவந்தமாகவும் தோட்டத் தமிழர்களை ரயிலேற்றினார்கள்.

பாதைக்காக மலையைக் கையால்தான் குடைந்தார்கள். ஒருவர் இரும்புக் கம்பியைப் பாறைமேல் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்; இன்னொருவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். துளை ஆழமானதும் வெடி வைப்பார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. இதே வேலையில் ஈடுபடுத்தப்பட்ட போர்க்கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். தமிழர் குடிசைகளில் பெரும்பாலும் அவர்களும் இல்லை.

ஆசியத் தொழிலாளர்களில் 80,000 முதல் 1,00,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் தமிழர். போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. மாண்ட தொழிலாளர்களுக்கோ ஒரு முழுப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. தோட்டத்து லயத்தில் காத்திருந்த மனைவிக்கு, உயிரோடு திரும்பியவர் யாராவது வந்து சொன்னால்தான் சேதி. இது பெரும் அநீதி. 2023-இல்தான் காஞ்சனபுரியில் மாண்ட தமிழர்களுக்குத் தமிழ் முறைப்படி நடுகல் எழுப்பப்பட்டது.