வாலில் கிலுகிலுப்பை கட்டிய பாம்பு

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. படையையே நடுங்கச் செய்யும் அப்பிராணி, "அருகில் வராதே, விலகிப் போ" என்று முன்கூட்டியே எச்சரிக்கை செய்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்கக் கண்டங்களில் வாழும் கிலுகிலுப்பைப் பாம்பு அவ்வாறுதான் செய்கிறது. அன்புத் தோழியரே! அந்தப் பாம்பைப் பற்றியும், அந்நாட்டுக் கிராமத்து மக்களும் வேட்டைக்காரர்களும் அதனிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளும் முறைகளைப் பற்றியும் சிறிது காண்போம்.

கனடாவின் தென்பகுதி தொடங்கி அர்ஜென்டினா வரை இப்பாம்புகள் பரவியுள்ளன. வேறு எந்தக் கண்டத்திலும் இவை இயற்கையாக வாழவில்லை. இவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில் மட்டும் 13 இனங்கள் உள்ளன. இவை குழிவிரியன் வகையைச் சேர்ந்தவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மூங்கில் குழிவிரியனும் இவற்றுக்கு உறவே. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சிறு குழிகள் இருப்பதால் இப்பெயர் வந்தது. அக்குழிகள் வெப்பத்தை உணரும் உறுப்புகள். கும்மிருட்டிலும் எலியின் உடல் சூட்டைக் கொண்டே அது இருக்கும் இடத்தை இப்பாம்பு அறிந்து பாய்கிறது.

இனி, அதன் கிலுகிலுப்பையைப் பார்ப்போம். இப்பாம்பு முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. பிறந்த குட்டியின் வால் நுனியில் ஒரு சிறு குமிழ் மட்டுமே இருக்கும். அதனால் ஓசை எழுப்ப முடியாது. பிறகு சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் வாலில் ஒரு புது வளையம் சேர்கிறது. நம் நகங்கள் எந்தப் பொருளால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆனவையே இவ்வளையங்களும். சிலம்பினுள்ளே பரல் இருப்பதுபோல இவற்றினுள்ளே எதுவும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்திருக்கும் வளையங்கள், வால் அதிரும்போது ஒன்றோடொன்று மோதுவதாலேயே ஒலி பிறக்கிறது. காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரியும் ஓசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வளையங்களை எண்ணிப் பாம்பின் வயதைச் சொல்லிவிடலாம் என்பது தவறான நம்பிக்கை. ஓராண்டில் பலமுறை சட்டை உரிப்பதும் உண்டு. பழைய வளையங்கள் ஒடிந்து விழுவதும் உண்டு.

2021-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இந்த ஒலியின் நுட்பத்தை விளக்கியது. நாம் நெருங்க நெருங்கப் பாம்பு வாலை ஆட்டும் வேகத்தை வினாடிக்குச் சுமார் 40 தடவை வரை மெல்ல மெல்லக் கூட்டுகிறது. மிகவும் நெருங்கியதும் திடீரென்று அது 60 முதல் 100 தடவையாகத் தாவிவிடுகிறது. கேட்பவருக்கோ பாம்பு உண்மையில் இருப்பதைவிட இன்னும் அருகில் இருப்பதாகத் தோன்றும், உடனே நின்றுவிடுவார். கடிப்பதைத் தவிர்க்கப் பாம்பு கையாளும் உபாயம் இது! நச்சு அதற்கு இரை தேட உதவும் செல்வம். விழுங்க முடியாத மனிதனிடம் அதை ஏன் வீணாக்க வேண்டும்?

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இப்பாம்பு எப்போதும் ஒலி எழுப்பும் என்று நம்பிவிட முடியாது. மண்ணின் நிறத்தோடும் சருகின் நிறத்தோடும் ஒன்றிப்போய், அசையாமல் கிடந்து தப்பிக்கவே அது முதலில் முயலும். ஆகவே காதை மட்டும் நம்பாமல் கண்ணையும் பயன்படுத்த வேண்டும் என்பதே அந்நாட்டார் கற்றுக்கொண்ட முதற்பாடம்.

டெக்சாஸ், அரிசோனா போன்ற மாநிலங்களின் கிராமத்து வீடுகளுக்கு இப்பாம்பு ஏன் வருகிறது? மனிதனைத் தேடி அன்று, எலியைத் தேடியே வருகிறது. கோழித் தீவனமும் குதிரைத் தீவனமும் சிந்திக் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். விறகு அடுக்கு, கற்குவியல், பழைய பலகைகள், வீட்டுப் படியின் அடிப்புறம் ஆகியவை அது ஒளியும் இடங்கள். எனவே அங்குள்ளோர் தீவனத்தை மூடி வைக்கின்றனர். வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டுகின்றனர். விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்குவதில்லை. கதவின் கீழுள்ள இடுக்கை அடைக்கின்றனர். இரவில் விளக்கில்லாமல் முற்றத்தில் இறங்குவதில்லை.

வேட்டைக்குச் செல்வோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். இலையுதிர் காலத்தில் காடையும் மானும் வேட்டையாடப் புறப்படும்போது, பகலில் வெயில் இதமாக இருந்தால் பாம்புகளும் வெளியே கிடக்கும். விழுந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் அனுபவமுள்ள வேட்டைக்காரர் அதைத் தாண்டிக் குதிக்க மாட்டார். அதன்மேல் ஏறி நின்று அப்பால் பார்த்துவிட்டே இறங்குவார். அல்லது சுற்றிச் செல்வார். ஏனெனில் கிழக்குக் காடுகளில் வாழும் கிலுகிலுப்பைப் பாம்பு, மரத்தின் ஓரமாகச் சுருண்டு, தலையை மரத்தின்மேல் சாய்த்து அணிலுக்காகக் காத்திருக்கும். முழங்கால் வரை தடித்த காலணி அணிவதும், பாறை இடுக்கில் கைவிடாதிருப்பதும் அவர்கள் கடைப்பிடிக்கும் விதிகள். மோப்பம் பிடிக்கப் போய் மூக்கிலேயே கடிபடும் வேட்டை நாய்கள் பல; ஆகவே பாம்பின் வாடையைக் கண்டால் விலகும்படி அவற்றுக்குப் பயிற்சி தருகின்றனர். செத்த பாம்பையும் அவர்கள் கையால் தொடுவதில்லை. வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் வரை கடிக்கும் ஆற்றலுடையது!

கடித்துவிட்டால் என்ன செய்வது? கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது ஆகிய யாவும் தீங்கே என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். கடிபட்டவரை அமைதிப்படுத்தி, வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நச்சுமுறிவு மருந்து ஒன்றே மருந்து. சில கடிகளில் நச்சு இறங்குவதே இல்லை. அத்தகையவர் எந்த வைத்தியம் செய்தாலும், செய்யாவிட்டாலும் பிழைத்துக்கொள்வார். மந்திரமும் பச்சிலையும் பெயர் வாங்குவது இப்படித்தான். ஆனால் நச்சு இறங்கியதா இல்லையா என்பதை மருத்துவர் அல்லாத நாம் முடிவு செய்ய முடியாது.

இனி, நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 7,000 முதல் 8,000 பேரை நச்சுப் பாம்புகள் கடிக்கின்றன. இறப்பவரோ ஏறக்குறைய ஐவர். நம் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நம் நாட்டு நச்சுக்கும் முறிவு மருந்து உண்டு. அரசு மருத்துவமனைகளில் அது கிடைக்கிறது. எனினும் வெறுங்காலோடு வயலில் இறங்குவோரும், தரையில் படுத்துறங்குவோரும், கடிபட்டபின் மந்திரிப்பவரைத் தேடிப் பொன்னான நேரத்தை இழப்போரும் இங்கே பலர்.

அதற்காகப் பாம்பினத்தையே அழித்துவிடலாமா? டெக்சாஸ் மாநிலத்து ஸ்வீட்வாட்டர் என்னும் ஊரில் 1958 முதல் கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பிடித்துக் கொல்லும் திருவிழா நடந்து வருகிறது. மேய்ன், ரோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களிலோ இப்பாம்பு அடியோடு அற்றுப்போய்விட்டது. ஜார்ஜியா மாநிலத்துக் கிளாக்ஸ்டன் என்னும் ஊர் 2012-இல் இத்தகைய திருவிழாவைக் கைவிட்டு, பாம்பைக் கொல்லாமல் அதைப் பற்றிக் கற்பிக்கும் விழாவாக மாற்றியது. எலிகளைத் தின்று தானியத்தைக் காக்கும் பிராணியை அழித்தால் நட்டம் யாருக்கு?

நம் ஊர்ப் பாம்புகளும் அவற்றின் மொழியில் பேசுகின்றன. நாகம் படம் விரிக்கிறது. கண்ணாடி விரியன் உரக்கச் சீறுகிறது. சுருட்டை விரியன் செதில்களை உரசி ஓசை எழுப்புகிறது. கட்டுவிரியன் மட்டும் பெரும்பாலும் ஓசையின்றி இரவில் வந்து, தரையில் உறங்குபவரைக் கடிக்கிறது. அதற்குக் கட்டிலும், நன்கு செருகிய கொசுவலையும் காப்பு.

ஆகவே தோழியரே, இரவில் கொல்லைப்புறம் செல்லும்போது கையில் விளக்கும் காலில் செருப்பும் இருக்கட்டும். விறகை எடுக்குமுன் ஒரு குச்சியால் தட்டுங்கள். பாம்பைக் கண்டால் கல்லைத் தேடாமல் இரண்டடி பின்வாங்குங்கள். யாரையேனும் கடித்துவிட்டால் 108-ஐ அழைத்து, நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதைப் படிக்கும் பெற்றோரும், பாட்டிமாரும் இதனை அக்கம்பக்கத்தாருக்கு எடுத்துச் சொன்னால், அடுத்த மழைக்காலத்தில் ஓர் உயிரேனும் காக்கப்படும்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு