எண் பெரிதானால் இசை இனிக்குமா?

கணிப்பொறியில் ஹெட்போனைச் செருகிப் பாட்டோ பாடமோ கேட்கும் நீங்கள், என்றாவது ஒரு நாள் அதன் ஒலி அமைப்புப் பகுதியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். அங்கே 44,100 ஹெர்ட்ஸ், 48,000 ஹெர்ட்ஸ், 96,000 ஹெர்ட்ஸ், 1,92,000 ஹெர்ட்ஸ் என எண்கள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே 16 பிட், 24 பிட் என்று வேறு இருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது?

"பெரிய எண்தானே சார் நல்லது?" என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். மதிப்பெண் பட்டியலில் அது சரி. ஒலியில் அப்படியா? இயற்பியல் தரும் விடையைக் காண்போம். அந்த மாணவர் கவனிக்கத் தவறிய இன்னோர் எண்ணும் இருக்கிறது. நம் செவியின் நலம் அதைப் பொறுத்தே அமையும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அலை எண்ணாகும் விதம்

பாடகரின் குரல் காற்றில் அழுத்த அலைகளாகப் பரவுகிறது. மைக் அதைக் கூடிக் குறையும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. இந்த மின்னழுத்தத்தைச் சம கால இடைவெளிகளில் அளந்து, எண்களாக எழுதிக்கொண்டே போவதுதான் கணிப்பொறி ஒலிப்பதிவு. ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கிறோம் என்பது மாதிரி வீதம். ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுட்பமாகக் குறிக்கிறோம் என்பது பிட் எண்ணிக்கை. கேட்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிரான வேலை. ஒலி அட்டை, அல்லது அதன் இடத்தில் உள்ள சிறு சில்லு, அந்த எண்களை மீண்டும் மின்னழுத்தமாக்கி ஹெட்போனுக்கு அனுப்புகிறது.

எத்தனை முறை அளந்தால் போதும்?

இரண்டு அளவுகளுக்கு இடையில் இருந்த ஒலி தொலைந்துபோகாதா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். இரு புள்ளிகளின் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் வரைய முடியும் என்பது நீங்கள் அறிந்ததே. ஏறக்குறைய அதே போன்ற ஓர் உண்மை அலைகளுக்கும் உண்டு. ஓர் ஒலியில் உள்ள மிகப் பெரிய அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் சற்று அதிகமான வீதத்தில் அளந்துவிட்டால், அந்த எல்லைக்குள் அடங்கி, அத்தனை புள்ளிகளின் வழியாகவும் செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். ஆகவே எதுவும் தொலைவதில்லை. 1928-ல் ஹாரி நைக்விஸ்ட் தந்தி பற்றிய தம் ஆய்வில் இக்கருத்துக்கு வித்திட்டார். 1949-ல் கிளாட் ஷானன் இதைக் கணித முறைப்படி விளக்கி நிறுவினார்.

வீதம் குறைந்தால் என்னவாகும்? சினிமாவில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நொடிக்கு 24 படங்கள் அந்த வேகத்துக்குப் போதாமையால் வரும் மயக்கம் அது. ஒலியிலும் போதாத வீதத்தில் அளந்தால், பாடகர் பாடாத சுருதிகள் வந்து சேரும்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். 20,000-இன் இரு மடங்கு 40,000. அப்படியானால் 44,100 என்ற விந்தையான எண் எங்கிருந்து வந்தது? தொடக்கக் காலத்தில் ஒலி எண்களை வீடியோ நாடாவில்தான் பதிந்தனர். திரைக்கு 245 வரிகள், வரிக்கு 3 எண்கள், நொடிக்கு 60 முறை: பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும்! 1982-ல் விற்பனைக்கு வந்த குறுந்தகடும் அதே எண்ணை ஏற்றது. வீடியோத் துறையிலோ 48,000 நிலைத்தது.

96,000 என்று வைத்தால் 48,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிக்கு இடம் கிடைக்கும். வௌவாலுக்கு அது பயன்படலாம், நமக்குக் கேட்காது. மேலும், 44,100 வீதத்தில் பதிந்த பாட்டை 1,92,000-ல் ஒலிக்கச் செய்தால், அதில் இல்லாத நுட்பம் புதிதாகப் பிறந்துவிடாது. ஆகவே குறுந்தகட்டுப் பாட்டு மிகுதியாகக் கேட்பவர் 44,100-ஐயும், படமும் வீடியோப் பாடமும் பார்ப்பவர் 48,000-ஐயும் தேர்ந்துகொள்ளலாம். மாற்றி வைத்தாலும் பெருங்கேடு இல்லை. கணிப்பொறி ஒவ்வொரு 147 எண்களையும் 160 எண்களாக்கும் கணக்கைச் செய்யும், அவ்வளவே.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல புளூடூத் ஹெட்போன்களில் மைக்கை இயக்கியதும் வீதம் 16,000-க்கோ 8,000-க்கோ இறங்கிவிடுகிறது. அப்போது பாட்டு தொலைபேசியில் வருவதுபோல் கேட்கும். மைக்கை விடுவித்தால் இசை மீண்டும் தெளியும்.

பிட் என்னும் படிக்கட்டு

16 பிட் என்றால் 65,536 படிகள் கொண்ட படிக்கட்டு என்று கொள்ளலாம். ஒரு பிட் கூடினால் படிகள் இரட்டிக்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். எனவே 16 பிட்டுக்கு 96 டெசிபெல். வீட்டில் பாட்டுக் கேட்க இது தாராளம்.

பிறகு 24 பிட் எதற்கு? கணிப்பொறித் திரையில் உரப்பைக் குறைக்கும்போது, எண்கள்தாம் சிறிதாக்கப்படுகின்றன. 24 டெசிபெல் குறைத்தால் 4 பிட்டுகள் கழிந்து, 16-ல் 12-தான் எஞ்சும். 24 பிட்டில் அதே அளவு கழித்தாலும் 20 எஞ்சும். ஆதலால் 24 பிட் வசதி இருந்தால் அதையே வையுங்கள்.

அலங்காரம் வேண்டாம்

ஹெட்போனில் ஒலிப்பான்கள் இரண்டே. எனவே 5.1, 7.1 என்பவற்றை விட்டு 'ஸ்டீரியோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 5.1 என வைத்தால் நடு ஒலிபெருக்கிக்கு உரிய பேச்சுக் குரல் மங்கிப்போகக்கூடும். 'ஈக்குவலைசர்' கொண்டு தாழ்ந்த சுருதியை 6 டெசிபெல் உயர்த்தினால், அந்த அலையின் வீச்சு இரு மடங்காகும். படிக்கட்டின் உச்சியைத் தாண்டும் முகடுகள் தட்டையாக வெட்டப்படும். கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது. ஒரு பகுதியை உயர்த்தினால், மொத்த அளவை அதே அளவு தாழ்த்திவிடுங்கள்.

ஓம் கணக்கு

சில ஒலி அட்டைகள் ஹெட்போனின் மின்தடை எவ்வளவு என்று கேட்கும். 1 மில்லிவாட் திறன் தர 32 ஓம் ஹெட்போனுக்கு 0.18 வோல்ட் போதும், 300 ஓம் ஹெட்போனுக்கு 0.55 வோல்ட் வேண்டும். திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை என்ற பாடப்புத்தகச் சூத்திரம்தான் இது. உயர்ந்த ஓமுக்கான அமைப்பில் தாழ்ந்த ஓம் ஹெட்போனைச் செருகினால், ஒலி திடீரென்று செவியைத் தாக்கும். முதலில் உரப்பை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டே அமைப்பை மாற்றுங்கள்.

மறந்த எண்

மாணவர் கவனிக்காத எண் இந்த உரப்புதான். உட்செவியின் நத்தை எலும்பில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புத் துடிப்பாக்குபவை இவையே. மனிதருக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அழியும்போது வலியும் இருப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட வரம்பின்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அது 75 டெசிபெல். 10 டெசிபெல் கூடினால் ஆற்றல் 10 மடங்காகும். எனவே 90 டெசிபெல்லில் பெரியவர்களுக்கு 4 மணி நேரமே மிஞ்சும். அது ஒரு நாளைக்கன்று, ஒரு வாரத்துக்கு! பேருந்து இரைச்சலை வெல்ல உரப்பைக் கூட்டுவோர் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு சொல்லியும் ஐயம் தீரவில்லையா? நீங்களே சோதியுங்கள். உரப்பை மாற்றாமல், நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டி 48,000 அல்லது 1,92,000 என்று வைக்கட்டும். நீங்கள் திரையைப் பாராமல் எது என்று சொல்லுங்கள். இப்படிப் பத்து முறை. வெறும் ஊகத்திலேயே ஐந்து சரியாக வரலாம். ஒன்பதாவது சரியாக வந்தால்தான் வேறுபாடு கேட்டதாக எண்ண இடமுண்டு.

அந்த மாணவரும் இச்சோதனையைச் செய்தார். ஆறு வந்தது. அன்றே அவர் ஓர் எண்ணைக் குறைத்தார். மாதிரி வீதத்தை அல்ல, உரப்பை!